எண்பத்தைந்தாம் தனிமமும் வெண்ணந்தூர்ப் பெண்ணும்

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத காலம். சேலத்திலிருந்து வெண்ணந்தூர் போகும் கரிவாயு பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும் இருந்தார்கள். தம்பி கல்லூரியில் ரசாயனம் கற்பிப்பவர். அவருக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள்.

“பொண்ணோட அப்பா என்ன கேட்டாலும், அந்தப் பேரில்லாத சாமானைப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதே, சாமி,” என்றாள் அக்காள்.

“எண்பத்தஞ்சாம் தனிமம், அக்கா. அயோடினுக்குப் பங்காளி. இன்னும் பேர் வெக்கல, அவ்வளவுதான்.”

“போன எடத்துல, அது ஏழெட்டு மணி நேரத்துல பாதி காணாமப் போயிரும்னு சொன்னே. அவங்க நம்ம சொத்துன்னு நெனச்சுட்டாங்க. சரி, நீ அதைப் பார்த்திருக்கியா?”

“யாருமே பார்த்ததில்லைங்க. அமெரிக்காவுல பெரிய மெஷின் வெச்சுத் துளியூண்டு பண்றாங்க. தண்ணியில இருக்கறதே தெரியாது. கூட வேற சரக்கைப் போட்டு, அது படியறப்ப இதுவும் சேர்ந்து படியுதான்னு பார்த்துத்தான் குணத்தைத் தெரிஞ்சுக்கோணும். சில சமயம் அயோடின் மாதிரி நடக்கும், சில சமயம் உலோகம் மாதிரி.”

அக்காள் தம்பி பக்கம் திரும்பினாள்.

“இன்னைக்கும் அதே கதைதான். பொண்ணு தலை நிமிராது, பேசாது. அதைக் கூட்டிட்டு வந்து உக்கார வெக்கிறவளைப் பார்த்துத்தான் நாம தெரிஞ்சுக்கோணும்.”

“அப்ப என் குணத்தை அவங்க எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?”

“என்னைப் பார்த்துத்தான். ரெண்டு எடம் தட்டிப்போச்சே, அங்கெல்லாம் நீ அப்பாகூடப் போனே. இந்தத் தடவை நான் வாரேன். நீ பலகாரத்தைத் தின்னுட்டுச் சும்மா உக்காரு.”