விளையாட்டுப் பக்கத்தின் கடைசி ஆள்

எனக்கு விளையாட்டு பிடிக்காது. சிலருக்குப் பூனை பிடிக்காதது போல, அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் விசாரித்தீர்கள் என்றால் இதைத்தான் பெரிய விஷயம்போல உங்களிடம் சொல்வார்கள். வளர்ந்த மனிதர்கள் ஒரு பந்தின் பின்னால் வியர்க்க விறுவிறுக்க ஓடுவதும், அதை இன்னும் சிலர் உட்கார்ந்து பார்ப்பதும், பார்த்ததை எழுதிவிட்டு மாதாமாதம் சம்பளம் வாங்குவதும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. செய்தி ஆசிரியர் என்ற முறையில் அந்த வேடிக்கையையும் தினமும் பார்த்து அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகை விற்பனை படுத்துவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, விளையாட்டுப் பக்கத்தை ஏஜென்சிச் செய்தியை வைத்தே நிரப்பிக்கொள்ளலாம் என்றார். அங்கே இருக்கும் மூன்று பேரை என்ன செய்வது என்று கேட்டேன்.

"வேலையை விட்டு எடுத்துடாதீங்க. சங்கம், கோர்ட்டுன்னு இழுத்துவிட்டுடுவாங்க. வேற வேலைக்கு மாத்துங்க. அவங்களாவே போயிடணும்."

நாகரிகமான யோசனை. எனக்குப் பிடித்திருந்தது.

டென்னிஸும் நீச்சலும் எழுதிக்கொண்டிருந்த அம்மாளைச் சமையல் குறிப்புப் பக்கத்துக்கு மாற்றினேன். பெண்தானே, வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் மேசையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். சதுரங்கம் எழுதியவரை இரங்கல் விளம்பரப் பிரிவில் போட்டேன். அவர் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவார், வெளியே கேட்கக் கூடாதாம். தண்ணீர்தான் வீணாயிற்று. அவரும் போனார்.

மூன்றாமவர் கோச். யாருக்கும் பயிற்சி கொடுத்தவரில்லை; மைதானமே கதி என்று கிடந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். என்னைவிட மூத்தவர். நான் பயிற்சி நிருபராகச் சேர்ந்த நாளில் என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டார். செய்தி ஆசிரியரான பிறகும் தம்பிதான். ஆசிரியர் குழுக் கூட்டத்திலும் தம்பி, டீ கொண்டுவருகிறவர் முன்னாலும் தம்பி. அதில் எனக்கு வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அலுவலகத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா, அதற்காகச் சொல்கிறேன்.

அவரை மார்க்கெட் விலை நிலவரம் எழுதப் போட்டேன். மூட்டை தூக்குகிறவர்களைப் பளுதூக்கும் வீரர்கள் மாதிரி எழுதிக்கொண்டு வந்தார். யாருக்கு எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது, யார் மூட்டையைத் தோள் மாற்றும்போது கண்ணை மூடிக்கொள்கிறார் என்பதுவரை. வாசகர்கள் பாராட்டித் தள்ளிவிட்டார்கள். வாசகர்களின் ரசனையை நான் என்றைக்கும் பொருட்படுத்தியதில்லை. பிறகு சாக்கடை, குடிநீர், குப்பை என்று மாற்றி மாற்றி அனுப்பினேன். எதற்கும் அசரவில்லை.

"என்னை எங்க வேணா போடுங்க தம்பி. எல்லாமே ஆட்டம்தானே" என்று கூட்டத்தில் ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில் முதலாளியே, "அந்த ஆள் நல்லாத்தான் எழுதறார். பேசாம வெச்சுக்கலாம் போலிருக்கே" என்று இழுத்தார். ஒரு முடிவை எடுத்துவிட்டு அதிலேயே தடுமாறுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக இருக்கும். அப்படியானால் மற்ற இரண்டு பேரை நான் எதற்காக விரட்டினேன்?

அந்தச் சமயத்தில்தான் கோச்சின் மனைவி ஃபோன் செய்தார்.

"அண்ணே, அவருக்கு முழங்கால் ரொம்ப முடியல. ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டு மாடிப்படியையே உக்காந்து உக்காந்துதான் ஏறுறார். உங்ககிட்ட சொல்ல மாட்டார், வீம்பு. கொஞ்ச நாளைக்கு உக்காந்து செய்யிற வேலையா குடுங்கண்ணே."

"பார்க்கிறேன்மா, கவலைப்படாதீங்க" என்றேன்.

மறுநாளே அவரை விபத்துச் செய்திகளுக்கு மாற்றினேன். ஓட வேண்டிய வேலை. முடியவில்லை என்று ராஜினாமா செய்துவிடுவார் என்பது என் கணக்கு. அவர் முழங்காலில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிடிவாதம் என்பதும் ஒருவகை அறிவுக்குறைவுதான்.

பெயிண்ட் கிடங்கு தீப்பிடித்தது மத்தியானத்தில். கோச்சும் புகைப்படக்காரரும் போயிருந்தார்கள். என் மேசை ஃபோன் அடித்தது. தீயணைப்பு அதிகாரி பேசினார்.

"உள்ள இன்னும் தின்னர் டேங்க் இருக்கு சார். பின்பக்கச் சந்துல நிறுத்த என்கிட்ட ஆள் இல்ல. உங்க ஆளுங்க அங்க இருந்தா உடனே வெளிய வரச் சொல்லுங்க. எப்ப வேணா வெடிக்கும்."

நன்றி சொல்லி வைத்தேன். புகைப்படக்காரரைக் கூப்பிட்டு, எடுத்த படங்களை உடனே அனுப்ப வேண்டும், மெயின் ரோட்டில் நிற்கும் நம் வண்டிக்கு வந்துவிடு என்றேன். நல்ல புகைப்படக்காரர் கிடைப்பது இந்தக் காலத்தில் சுலபமில்லை. அவர் கிளம்பிப் போனதும் கோச் கூப்பிட்டார்.

"தம்பி, பின்பக்கச் சந்துல நிக்கிறேன். ஒரே புகை, ஒண்ணும் தெரியல. கேக்கறதுக்கும் இங்க ஒரு ஆளைக் காணோம். கிட்ட போகலாமா? ஆபீசுக்கு ஏதாவது தகவல் வந்துதா?"

"ஒண்ணும் வரல. கிட்ட போய்ப் பாருங்க."

"சரி தம்பி."

'கால் முடியவில்லை, என்னால் ஆகாது' என்று அப்போது அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானே திரும்பி வரச் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காதவருக்கு யார் என்ன செய்ய முடியும்? ஃபோனை வைத்துவிட்டு மூன்றாம் பக்கத்துத் தலைப்பைப் பார்த்தேன். ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

திரும்பி ஓடப் பார்த்திருக்கிறார். சந்தில் பாதித் தூரம் வந்துவிட்டாராம். புகைப்படக்காரர்தான் சொன்னார், அழுதுகொண்டே. படங்கள் நன்றாக வந்திருந்தன.

அஞ்சலிக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு ஒரு காலத்தில் இந்தப் பத்திரிகையில் எத்தனை மதிப்பு இருந்தது என்று சொன்னபோது முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோச்சின் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மத்தவங்கல்லாம் போனப்பகூட அவரைக் கைவிடாம வெச்சிருந்தீங்களே அண்ணே" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த மாதிரி நேரத்தில் அதிகம் பேசக் கூடாது.

தீயணைப்பு அதிகாரி எனக்கு ஃபோன் செய்ததை உங்களிடம் சொல்லாமல் சும்மா இருந்திருந்தால் நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம். லைன் சரியாக இல்லை, பாதிதான் கேட்டது என்று நான் சொல்லலாம். என் வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொன்னார். எனக்குப் பொய் வராது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. டேங்க் வெடிக்கும் என்று தெரியும். அவரால் ஓட முடியாது என்றும் தெரியும். தெரிந்துதான் கிட்டே போகச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆத்திரத்தில் செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு அவர்மேல் கோபமே இருந்ததில்லை.

இப்போது இந்த அறைக்கு வரும்போது அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று நானாகப் போய்க் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு பேர் முன்னால் அவர் வீட்டுக்காரரை வாயாரப் புகழ்ந்தவன் நான். நன்றி என்ற ஒன்று அந்தக் குடும்பத்துக்கே கிடையாது போலிருக்கிறது.