கிளிப்பை உருவினா நிக்கணும்

ரத்தினபாய்: ஏங்க, நிறுத்துங்க அந்த போட் மோட்டாரை! கார் ஷெட் முழுக்கப் புகை! காயப்போட்ட துணியெல்லாம் பெட்ரோல் நாத்தம்!

அசரியா: நிறுத்தத்தானே பாக்கறேன்! கிளிப்பை உருவிட்டேன்... நிக்க மாட்டேங்குது!

ரத்தினபாய்: அப்ப அந்தச் சிவப்புப் பட்டன்?

அசரியா: அதை முதல்லயே அமுக்கிப் பாத்தாச்சு. அதுவும் கேக்கல.

ரத்தினபாய்: நேத்து வரைக்கும் பட்டனை அமுக்கினா நின்னுச்சே!

அசரியா: நேத்து இந்தப் புது சுவிட்ச் இல்லையே...

ரத்தினபாய்: ரொம்ப நல்லாருக்கு! சேஃப்டிக்குன்னு ஒண்ணை மாட்டி, இருந்ததையும் கெடுத்தாச்சு. தள்ளுங்க.

அசரியா: ஏய், கையை வைக்காத, சூடு...!

ரத்தினபாய்: சோக்கை இழுத்துட்டேன். நின்னுடுச்சா? இப்ப பேசுங்க.

அசரியா: சோக்கை இழுத்தா நிக்கும்னு உனக்கு யாரு...

ரத்தினபாய்: ஏன், எனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாதா? மோட்டார் மூடியைத் திறங்க. உள்ள என்ன கூத்து பண்ணி வச்சிருக்கீங்கன்னு பாப்போம்.

அசரியா: எல்லாம் சரியாத்தான் பண்ணிருக்கேன். பட்டனுக்குப் போற ஒயரை நடுவுல வெட்டி, சுவிட்சைக் கோத்துட்டேன். ஃபேனுக்குச் செய்யற மாதிரி. கிளிப் வந்துட்டா லைன் கட்...

ரத்தினபாய்: ஆண்டவரே! இது என்ன ஃபேனா? பழைய மோட்டாருங்க இது. ஒயர் கட் ஆனா அது பாட்டுக்கு ஓடும். ஒயர் இன்ஜின் பாடியைத் தொட்டாத்தான் நிக்கும். பட்டனும் அதைத்தான் செஞ்சுட்டிருந்துச்சு. நீங்க அதோட ஒயரையே வெட்டிட்டீங்க!

அசரியா: பெரிய மெக்கானிக் மாதிரி பேசற...

ரத்தினபாய்: வெட்டினதை முதல்ல ஒட்டுங்க. சுவிட்சோட ஒரு ஒயரை அது கூடச் சேத்து முறுக்குங்க. இன்னொண்ணு இன்ஜின் பாடியில இருக்கற அந்த போல்ட்டுக்கு. கிளிப்பை உருவினா சுவிட்ச் ரெண்டையும் சேத்துடும். அட, பெயிண்ட்டைச் சுரண்டுங்க! பெயிண்ட் மேல வச்சா எர்த் எப்படிக் கிடைக்கும்?

அசரியா: கத்தாத, தெருவே கேக்குது...

கிரீஷ்: அங்கிள்! கேட் திறந்திருந்தது, வந்துட்டேன். போட் ரெடியா? ஆத்துல தண்ணி ஏறுதாம். சின்மயிக்கு டாக்டர் சொன்ன பிரசவத் தேதியும் தாண்டிடுச்சு.

அசரியா: ரெடி பண்ணிட்டே இருக்கேன்பா.

கிரீஷ்: ராத்திரி தெரு முங்கிடுச்சுன்னா நீங்கதான் எங்களை மெயின் ரோடு வரைக்கும் கொண்டு விடணும். உங்களை விட்டா இங்க போட் ஓட்ட யாரு இருக்கா, அங்கிள்?

அசரியா: கொண்டு விடலாம்... நீ போய் அவ பக்கத்துல இரு.

ரத்தினபாய்: போயிட்டான். ஏன் அப்படி இழுத்தீங்க?

அசரியா: எங்க இழுத்தேன்?

ரத்தினபாய்: அசோசியேஷன் இந்த போட்டை வாங்கினதுலேர்ந்து ரெண்டு வெள்ளம் பாத்தாச்சு. ரெண்டுலயும் நீங்கதான் தெருவையே ஏத்தி இறக்கினீங்க. அப்பல்லாம் கிளிப்பும் இல்ல, கயிறும் இல்ல. இப்ப மட்டும் என்ன?

அசரியா: சேஃப்டிதான்...

ரத்தினபாய்: யாரு, நீங்களா? ஹெல்மெட்டைக் கைப்பிடியில தொங்கவிட்டு ஓட்டற ஆளா?

அசரியா: உனக்குச் சொன்னா புரியாது. கயிறு என் கையில இருக்கும். நான் விழுந்தா கிளிப் வந்துடும், மோட்டார் நின்னுடும். இல்லேன்னா போட் பாட்டுக்கு ஓடிப் போய் எங்கயாவது மோதும். உள்ள அந்தப் பொண்ணு இருப்பா, ரத்னா.

ரத்தினபாய்: நீங்க ஏன் விழப் போறீங்க?

அசரியா: ...போல்ட் டைட் பண்ணிட்டேன். ஸ்டார்ட் பண்றேன். நீ கிளிப்பை உருவு.

ரத்தினபாய்: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

அசரியா: உருவு சொல்றேன்ல!

ரத்தினபாய்: இந்தாங்க. உருவியாச்சு.

அசரியா: நின்னுடுச்சு! அப்பாடா... நின்னுடுச்சு.

ரத்தினபாய்: நின்னுடுச்சு. இப்ப சொல்லுங்க.

அசரியா: ...ரெண்டு தடவை விழுந்துட்டேன், ரத்னா. ஒரு தடவை சர்ச் வாசல்ல. இன்னொரு தடவை பல்லாவரம் சிக்னல்ல, பைக்கோட. கண்ணு இருட்டினது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. டாக்டர் ஃபிட்ஸுன்னுட்டாரு. எந்த வண்டியும் தொடக் கூடாதாம்.

ரத்தினபாய்: அதுக்கப்புறமும் அந்தப் பையன்கிட்ட தலையாட்டி அனுப்பறீங்க!

அசரியா: வேற என்ன பண்ணச் சொல்ற? நான் விழுந்தாலும் போட்டாவது நிக்கும்னுதான் இந்தச் சுவிட்சை...

ரத்தினபாய்: போட் நிக்கும். உங்களை யாரு தண்ணியிலேர்ந்து தூக்குவா? நிறைமாசக்காரியா? எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு... அழுகையும் கூடச் சேந்து வருதே!

அசரியா: அழாத. வேற ஆளு இருந்தா நீயே சொல்லு, விட்டுக் குடுத்துடறேன்.

ரத்தினபாய்: கயித்தை என் கையில மாட்டுங்க. நீங்க சர்ச் வாசல்ல விழுந்ததை அங்க நின்னு பாத்த ஷீலா அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டா. நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பாத்துப் பாத்து வெறுத்துப் போய்த்தான், அக்கா வீட்டுக்குன்னு பொய் சொல்லிட்டு கோவளத்துல நம்ம மீன்காரக் கங்கம்மா வீட்டு போட்ல மோட்டார் ஓட்டப் பழகினேன்... நீங்க சின்மயி பக்கத்துல உக்காந்து குடை பிடிங்க, போதும்.