பதினேழு கிலோ மைதா

என் மனைவி மலர்விழி சமைத்த எதையும் இந்த முப்பத்தோரு வருஷத்தில் நான் குறை சொன்னதில்லை. உப்பு கூடினாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவுகிறவன் நான். நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று மகள் சண்முகப்பிரியா சொல்லியிருக்கிறாள். திருச்சிப் பக்கத்து உறவுகளுக்கு முழு விவரம் தெரியாது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பிரியா டெக்சாஸில் இருக்கிறாள். மாப்பிள்ளை மிகேலுக்குப் பூர்வீகம் மெக்சிகோ. மாசி கடைசியில் அவளுக்குப் பிரசவம். மலர்விழி போய் ஆறு மாதம் இருந்து பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. எனக்குத் தெர்மல் மின் நிலையத்தில், லிக்னைட் நிலக்கரியின் ஈரப்பதம் பார்க்கும் லேபில் வேலை. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் எட்டு மாதம் இருப்பதால் நான் போக முடியாது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

கார்த்திகையில் ஒரு நாள், சம்பந்தியம்மா ரோசா வீடியோ காலில் டார்டில்லா சுட்டுக் காட்டினார். அவர்கள் ஊர் ரொட்டி. பார்க்க நம் சப்பாத்தி மாதிரிதான் இருக்கும், ஆனால் மைதா. சுட்டதை நான்காக மடித்து, கையில் கசக்கி, திரும்பப் பிரித்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. மலர்விழி சிரித்த முகத்தோடு போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அந்தம்மா முன்னாடி நான் கையக் கட்டிக்கினு நிக்க மாட்டேங்க. இது எனக்குச் சுத்தமா வந்தாத்தான் பிளைட்டு ஏறுவேன்.”

அவளை உங்களுக்குத் தெரியும். சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் காலையே அவளுக்கு டார்டில்லா வந்துவிட்டது. இரண்டு கப் மைதா, உப்பு, அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், நான்கு ஸ்பூன் டால்டா போட்டுப் பிசறி, சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, மெல்லிசாகத் தேய்த்து, எண்ணெய் விடாத கல்லில் போட்டாள். கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மடித்தாள். முறியவில்லை. “வந்துடுச்சுங்க. டிக்கெட்டு போடச் சொல்லிடட்டுமா?” என்றாள். அவள் முகம் அப்படிப் பூரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. இன்னும் பத்து நாள் கை பழகட்டும் என்றேன். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு ரிசல்ட் எழுதக் கூடாது என்பது லேபில் முதல் பாடம்.

அவளுக்கு முழங்கால் வலி உண்டு. இருபத்திரண்டு மணி நேரம் உட்கார்ந்தபடி போக வேண்டும். அங்கே பனியில் கால் வழுக்கும். அந்தப் பக்கம் அவ்வளவாகப் பனி கிடையாது என்கிறார்கள். ஆனால் அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இதையெல்லாம் யோசிக்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

தீபாவளிக்கு மைதா முறுக்கு செய்யும்போது அவள் மாவைத் துணியில் மூட்டை கட்டி இட்லிப் பானையில் அவிப்பாள். எதற்கு என்று ஒரு முறை கேட்டேன். “அவிச்சா மாவுல இழுவ போயிடும். அப்பத்தான் முறுக்கு நொறுங்கும்” என்றாள். ஆகவே, அன்று மாலை ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸை விட்டு நான் இறங்கி வந்ததும், அவள் மேல் குவார்ட்டர்ஸ் திலகவதியோடு நடக்கக் கிளம்பியதும், டின்னில் இருந்த ஒரு கிலோ மைதாவை இருபத்தைந்து நிமிஷம் அவித்தேன். மிக்சியில் பொடித்து, சலித்து, ஆற வைத்துத் திரும்பக் கொட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது.

அடுத்த நாள் டார்டில்லா ஓரமெல்லாம் வெடித்தது. மடித்ததும் இரண்டாக முறிந்தது. பார்க்கத் தட்டை மாதிரி இருந்தது. அவள் டால்டாவை மாற்றினாள், வெண்ணெய் போட்டாள், தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், கல்லை மாற்றினாள். திலகவதி கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். நான் தினமும் மாவை மட்டும் கவனித்துக்கொண்டேன். மொத்தம் பதினேழு கிலோ. முறிந்ததை எல்லாம் நானே தின்றேன் என்பதையும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

மளிகைக்கடை வெங்கடேஷிடம் அவள் சண்டைக்குப் போனாள். “பழைய மாவத் தள்ளிக்கினு இருக்கியா?” என்று கேட்டாள். அவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். நான் பக்கத்தில் நின்று, லேபில் பார்த்தேன், சாம்பல் சதவீதம் கொஞ்சம் கூடுதல் என்றேன். அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. வெங்கடேஷ் நல்ல மனிதர்.

மார்கழியில் கிளம்புவதாக இருந்தது தை என்றாகி, தையும் பாதி போய்விட்டது. அம்மா எப்போது வருவாள் என்று பிரியா போனில் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று அரை கிலோதான் அவித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மலர்விழி மேலே போய், திலகவதி வீட்டு மாவில் சுட்டுப் பார்த்திருக்கிறாள். சுட்ட ஒன்பதும் பட்டுப்போல வந்தன. கீழே வந்து நம் டின்னைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள்.

“என்னாங்க, இது முறுக்கு மாவுல்ல?”

ஆமாம் என்றேன். எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அழுதாள். மூன்றாம் நாள் காபியை வைத்துவிட்டு, “தனியா இருக்க முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?” என்றாள். அதெல்லாம் ஒன்றுமில்லை, உன் முழங்காலை நினைத்துத்தான் என்றேன்.

“ரெண்டு மாசமா நின்னுக்கினே மாவு தேச்சனே, அது யார் முட்டி?”

நான் செய்தது தப்பு. பிரியாவிடமும் வெங்கடேஷிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மலர்விழி போவதில் எனக்கு முழுச் சம்மதம்.

நாளை மறுநாள் சென்னையிலிருந்து விமானம். காலையிலிருந்து அவளுடைய பாஸ்போர்ட்டைக் காணவில்லை. பீரோ, சூட்கேஸ், சாமி அலமாரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. திலகவதி கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார். நானும் இவ்வளவு நேரம் கூடவே தேடிவிட்டு இப்போதுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அரிசி டிரம்முக்குள் மட்டும் இன்னும் யாரும் கை விட்டுப் பார்க்கவில்லை.