குளவிக்குக் காவல்

சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மல்லிகைக் கூடையோடு இருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"நான் பூப்பறிச்சா எங்க வீட்டுக்காரரு ஊசி மருந்தோட காவலுக்கு நிப்பாரு, மதினி."

"ஏன், செடிக்கு ஊசி போடவா?"

"எனக்குத்தான். போன வருசம் குளவி கொட்டி மூச்சு முட்டிப்போச்சுல்ல? இன்னொருக்க கொட்டுனா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாக. இவரு செடிய வெட்ட அரிவாளத் தூக்கிட்டாரு. ஆத்தாளுக்குன்னு வச்ச செடின்னு நான் மறிச்சேன்."

"பெறகு?"

"இப்ப அவரு மொதல்ல கூடு இருக்கான்னு பாப்பாரு. நான் அவரு முழுக்கைச் சட்டையப் போட்டு, பூச்சி வருமுன்ன மொட்டாப் பறிச்சிருவேன்."

"கம்பெனியில வெடிமருந்து கலக்குற மனுசன், குளவிக்கா பயப்படுறாரு?"

"பயந்துக்கிட்டேதான் நிக்காரு. ஆனா இன்னைக்கு, 'கூட ரெண்டு செடி வைக்கோம்னு ஆத்தாகிட்டச் சொல்லு'ன்னாரு."

அம்மன் கோயில் வாசலில் அந்தப் பெண் கூடையோடு இறங்கினார். நான் சீட்டில் இருந்தபடியே கும்பிட்டுக்கொண்டேன்.