எத்தோரேக்குப் படைத்த எட்டு

இரவு பதினொரு மணி இருக்கும். தெற்கு லண்டனில், ரயில் பாலத்துக்குக் கீழே ஓர் ஒழுங்கை. கடைகள் எல்லாம் பூட்டி... ஒரு பூனைகூட இல்லை. என் சிநேகிதனின் மச்சான் றமணன், சாப்பாட்டுப் பையோடு அதில் தனியே நடந்து போனான்.

இங்கே லைட்டை அணைத்தது யார்? சரி, அப்படியே இருக்கட்டும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள்.

றமணனுக்கு ஓர் இத்தாலியன் வைன் கடையில் வேலை. முதலாளி எத்தோரே. வட இத்தாலியில் ஒரு குன்றின்மேல் அவர் குடும்பத்துக்குச் சின்னத் திராட்சைத் தோட்டம். அங்கே செய்கிற வைன் இந்தப் பாலத்துக்குக் கீழே உள்ள கடையின் நிலவறைக்கு வரும். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்பதில் கிழவர் பெரிய பிடிவாதக்காரர். றமணனின் ஆட்டிறைச்சிக் கறிக்கு விலை கூடிய பரோலோவைத் தரமாட்டார். அது உறைப்பைக் கூட்டுமாம். பார்பேராவைத்தான் ஊற்றுவார், அதன் புளிப்பு கொழுப்பை அறுக்கும். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து எலும்பு உறிஞ்சுவார்கள். இந்த ஊரில் றமணனுக்கு அவர்தான் தகப்பன்.

அந்த மனிதர் நிலவறைப் படியில் விழுந்து செத்தார். உடலை இத்தாலிக்குக் கொண்டு போய்விட்டார்கள். றமணனால் போக முடியவில்லை, மனமும் கேட்கவில்லை. எட்டாம் நாள், நம் முறைப்படி, செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்க அந்த நிலவறைக்குப் போனான்.

வாழையிலை. புட்டு. ஆட்டிறைச்சிக் கறி. ஒரு கிளாஸ் பார்பேரா. விளக்கைக் கொளுத்தி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றான். மேலே ஒரு ரயில் போனது. சத்தம் அடங்கியது.

உள்ளே... எலும்பு உறிஞ்சும் சத்தம்.

அவன் பயப்படவில்லை. அழுதான். ஐயா சாப்பிடுகிறார் என்ற சந்தோசம். சத்தம் நின்றதும் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தான். கறி அப்படியே இருந்தது. கிளாஸ் காலி.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். பழக்கம் விடுமா? விளக்கை அணைத்தவன், தினமும் வேலை முடிந்து சொல்வதையே சொன்னான்.

"சரி ஐயா, போட்டு வாறன்."

இருட்டில்... டொப். யாரோ ஒரு போத்தலின் தக்கையை இழுத்தார்கள்.

ஓட்டமாய் ஓடி, நைட் பஸ் பிடித்து, ஹரோவில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மனைவி கோசிகாவுக்கு எட்டு மாதம். கேட்டதும் நெஞ்சில் கை வைத்தாள்.

"விசரே உங்களுக்கு? செத்த வீட்டில ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுவினமே? திரும்பி வாறனெண்டு வாக்கெல்லோ குடுத்திட்டு வந்திருக்கிறியள்!"

"இனி அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன்."

வேலையை விட்டான். கூட வேலை செய்த ஸ்ரீனிவாஸ் ஒருநாள் போனில் கூப்பிட்டான்.

"றமணன், நைட்ல நீங்க கடைக்கு வர்றீங்களா? தினமும் காலைல மேசையில ரெண்டு கிளாஸ் இருக்கு. ஒண்ணு காலி. இன்னொண்ணு ஊத்தி வச்சபடியே இருக்கு."

றமணன் போனை வைத்துவிட்டுக் கோசிகாவிடம் சொன்னான். அன்றிலிருந்து கோசிகா வாசல் கதவைப் பூட்டி, சாவியைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள்.

ஒரு விடியற்காலை மறுபடி போன். கோசிகாதான் எடுத்தாள்.

"இன்னிக்கு ரெண்டு கிளாஸும் காலிங்க."

தலையணைக்குக் கீழே சாவி இருந்தது. பக்கத்தில் றமணன் படுத்திருந்தான். தொட்டாள்... சில்லிட்டிருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பல்லெல்லாம் கருஞ்சிவப்பு.