ஜெல் தடவுற நேரம்

— சட்டைய நல்லா மேல தூக்குங்க. எங்க, இங்கயா?

— ம்... அங்கதான். இல்ல, இன்னும் கொஞ்சம் மேல.

— நேத்து கீழன்னீங்க.

— வலி என்ன ஆணி அடிச்சா உக்காந்திருக்கும்? ஏறும், இறங்கும்.

— லிஃப்ட் மெக்கானிக் முதுகாச்சே. வலியும் லிஃப்ட்டாட்டம்தான் ஓடும்.

— சிரிக்காத. அந்த மாடிவீட்டம்மா கதைய நேத்து பாதியில விட்டுட்ட. உன்கிட்ட இஸ்திரிக்குக் குடுத்த சட்டைப் பையில என்ன இருந்துச்சுன்னு...

— அது கிடக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.

— பீடிகை எல்லாம் பலமா இருக்கு.

— உங்க வலி மாத்திரை இருக்குல்ல... அத இனிமே போடாதீங்க.

— ஏன்?

— ஜெல் தடவும்போது மாத்திரையும் சேத்துப் போடக் கூடாதாம். ரெண்டும் ஒரே வகை மருந்தாம். மருந்துக்கடைக்காரம்மா சொன்னாங்க.

— ஜெல்லு தோலுக்கு. மாத்திரை வயித்துக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

— நானும் அதான் கேட்டேன். தோல் வழியாவும் கொஞ்சம் உள்ள போகுமாம். மாத்திரையோட சேர்ந்துச்சுன்னா வயிறு புண்ணாயிடும், கிட்னிக்கும் ஆகாதுன்னாங்க. டாக்டரே சொன்னாத்தான் ரெண்டும் சேத்துக்கணுமாம்.

— சரி சரி. நீ தடவு.

— உங்களுக்கு வயிறு எரியுதா?

— இல்லையே.

— வெறும் வயித்துல... அப்படியே பிடுங்கித் திங்கிற மாதிரி?

— இல்லம்மா.

— வந்து... வெளிய போனா... கருப்பா ஏதும் போகுதா? தார் மாதிரி?

— அட ச்சீ! கேக்குற கேள்வியப் பாரு.

— கேட்டாத்தானே தெரியும். அப்படிப் போச்சுன்னா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தமாம். காத்திருக்கவே கூடாதாம். அதுவும் பிரஷர் மாத்திரை போடுறவங்க, டாக்டரக் கேக்காம இந்த மாத்திரையத் தொடவே கூடாதாம்.

— எனக்கு எங்க பிரஷர்? பிரஷர் உனக்குல்ல.

— ...பொதுவா சொன்னாங்க.

— தடவிட்டே இருந்த, ஏன் நிறுத்திட்ட?

— ஒண்ணுமில்ல. கை... கொஞ்சம் மரத்துப் போச்சு.

— இங்க திரும்பு. நீ யாருக்காக இதெல்லாம் விசாரிச்ச?

— உங்களுக்குத்தான். வேற யாருக்கு?

— நான் அந்த மாத்திரையத் தொட்டே மாசக்கணக்காச்சு.

— என்னது? அப்ப வலி?

— அது... ஜெல்லே போதும்னு விட்டுட்டேன்.

— நல்லவேளை. நான் பயந்தே போனேன்.

— இரு. அலமாரியில அட்டை காலியாக் கிடக்கே. நான் தின்னல. அப்ப எலியா தின்னுச்சு?

— எலியாத்தான் இருக்கும். நீங்க திரும்புங்க, தடவறேன்.

— பூசி மெழுகாத. சொல்லு.

— நான்தான்.

— எதுக்கு?

— மணிக்கட்டு. துணி தேய்க்கும்போது அவ்வளவா தெரியல. அப்புறம் இந்தத் தடவுறதும் சேர்ந்துச்சா... அழுத்தித் தடவணும்னு சொல்வீங்கல்ல. உங்களுக்குத் தடவி முடிச்சதும் கையில இருக்கிற மிச்சத்த நானே தேய்ச்சுக்குவேன். அதுக்கும் வலி கேக்கலன்னா ஒரு மாத்திரை. உங்கள ஒரு வார்த்தை கேக்காம எடுத்தேன். திருடினாப்பல கூசிப் போச்சு.

— வயிறு எரியறது... உனக்கா?

— ம்.

— அந்தக் கருப்பு?

— ...நேத்துலேர்ந்து. இத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்...

— அடிப்பாவி. என்கிட்ட என்ன கூச்சம் உனக்கு? கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னா தடவ வேண்டாம்பீங்க. வேலை முடிஞ்சு முதுகப் பிடிச்சுக்கிட்டு முனகிக்கிட்டே வர்றீங்க. அதப் பாத்துட்டு என் கை வலியப் பேச எனக்கு மனசு வரல.

— எந்திரி. செருப்பப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ போடுற எல்லா மாத்திரையையும் எடுத்துக்க, காட்டணும்.

— போலாம். ஒரு நிமிஷம் திரும்புங்க. பாதிதான் தடவியிருக்கேன்.

— வேண்டாம்.

— அங்க எவ்வளவு நேரம் உக்கார வெப்பாங்களோ. முதுகு தாங்காது உங்களுக்கு.

— வேண்டாம்னு சொல்றேன்ல.

— என் மேல கோவமா?

— உன் மேல எனக்கு என்ன கோவம்...

— அப்ப ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க? இந்தப் பக்கம் பாருங்க. கொஞ்சம்தான் பாக்கி, அழுத்தாம மெல்லத் தடவிடறேன்...

— என் முதுகுல வலியே இல்லடி. மாத்திரைய விட்டப்பவே போயிடுச்சு. சரியாயிடுச்சுன்னு சொன்னா நீ பாட்டுக்கு எந்திரிச்சு இஸ்திரிப் பெட்டிகிட்டப் போயிடுவ... இந்த நேரம் ஒண்ணுலதான் என் பக்கத்துல உக்காந்து பேசுற. அதுக்காக முனகினேன். தினம் முனகினேன். உன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்கு எனக்கு. கையக் குடு... முதல்ல அந்த ஜெல்லக் கழுவி விடறேன்.