கோபேயிலிருந்து வந்த அட்டை

கோலா கெடா பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த துணிக்கடைக்காரர் பக்கத்திலிருந்த கிளார்க்கிடம், "அண்ணே, ஜப்பான்காரன் கிடைச்சிட்டான்!" என்று கத்தினார். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடும் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவர் கையில் இருந்தது ஒரு பழைய தபால் அட்டை. "கோபேயிலேருந்து பினாங்குக்கு வந்தது. ஸ்டாம்ப்புல செவ்வந்திப் பூவப் பாருங்க! அம்பது வருசமாச்சும் இருக்கும்."

கிளார்க்கும் ஸ்டாம்ப் சேகரிப்பவர்; அட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. ஏறிய போலீஸ்காரருக்கு அட்டையிலிருந்த ஜப்பானிய எழுத்து சீன எழுத்தாகத் தெரிந்தது. "கம்யூனிஸ்ட் கடிதமா? கொடு," என்று மலாயில் கேட்டார்.

"ஸ்டாம்ப்ப மட்டும் உரிச்சுக்கிட்டு அட்டையக் குடுத்துடு தம்பி, புடிச்சு உள்ள வச்சிடுவாங்க," என்றார் கிளார்க்.

"உரிச்சா மதிப்பே போச்சு லா! தபால் முத்திரை பாதி ஸ்டாம்ப்புல, பாதி அட்டையில விழுந்திருக்கு. நான் எறங்கிப் பெரிய அதிகாரிகிட்டயே பேசிக்கிறேன்."

இறங்கியும் விட்டார். கிளார்க் ஒரு நிமிடம் தவித்தார். பிறகு, "வெயில்ல புடிக்காத தம்பி, சாயம் வெளுத்துரும்!" என்று கத்தியபடி தானும் இறங்கி ஓடினார்.

அதிகாரி அட்டையைப் புரட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தது ஜன்னல் வழியே தெரிந்தது. பஸ் கிளம்பியது. சாலையோரத்தில் இருவரும் அட்டையின் மேல் குனிந்திருந்தார்கள், ஒருவரும் நிமிரவில்லை.